மொட்டை மாடி அடுப்படிக்கு அலமாரி: உப்புக்காற்றில் எந்தப் பொருள் நிற்கும்?

மீன் வறுத்தால் வாடை படுக்கையறை வரை போகிறது. ஞாயிற்றுக்கிழமை அண்டாவை அடுப்பில் ஏற்றினால் உள்ளே திரும்ப இடமில்லை. இந்த இரண்டு காரணமே போதும், வட சென்னையில் ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரை பல வீடுகளில் மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ ஒரு சமையல் மேடை முளைத்துவிடுகிறது. மேடை போடுவதில் பெரிய குழப்பம் இல்லை. மேடைக்குக் கீழே பாத்திரம், சிலிண்டர், கரி மூட்டை, எண்ணெய் டின் எல்லாம் வைக்கக் கதவு போட்ட அலமாரி வேண்டும் என்றதும்தான் குழப்பம் ஆரம்பிக்கும்.

ஒரு கடையில், "மரைன் ப்ளை போடுங்கண்ணா, தண்ணியிலயே கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது" என்பார்கள். அடுத்த கடையில், "மரமே வேணாம், டபிள்யூபிசி போட்டுடுங்க, லைஃப் டைம்" என்று மரத்தூள் கலந்த பிளாஸ்டிக் பலகையைக் காட்டுவார்கள். ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குப் போனால், "எஸ்எஸ்னா துருவே புடிக்காது" என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைச் சொல்லி முடித்துவிடுவார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் மூன்றும் ஆபத்து.

எல்லோரும் கேட்கும் கேள்வி, "வாட்டர்ப்ரூஃபா?" என்பது. கேள்வியே பாதிதான். வெளியில் நிற்கும் பொருளைத் தண்ணீர் மட்டும் தாக்குவதில்லை. வெயில் தாக்குகிறது, சூடு தாக்குகிறது, கடலோரத்தில் எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு தாக்குகிறது. தண்ணீரைத் தாங்குகிற பொருள் வெயிலைத் தாங்காது. வெயிலைத் தாங்குகிற பொருள் உப்பிடம் தோற்கும். எது எதனால் கெடுகிறது என்று தெரிந்துவிட்டால் கடைக்காரர் சொல்வதை நீங்களே எடை போடலாம்.

மழையைவிட உப்புதான் பெரிய எதிரி

சமையலறை உப்பு ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மூடியைச் சரியாக மூடாமல் விட்டால் உப்பு கசிந்து, அடியில் நீர் கோத்து நிற்கும். அந்தத் தண்ணீரை யாரும் ஊற்றவில்லை. காற்றிலிருந்த ஈரத்தை உப்பே இழுத்துக்கொண்டது.

உங்கள் அலமாரியின் கீல் மேலும் இதேதான் நடக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் போகும் சாலையோரம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளில் அலை மோதும்போது பொடித் துளிகள் காற்றில் எழும்புகின்றன. துளியிலிருக்கும் தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு மட்டும் காற்றோடு வந்து கிடைத்த இடத்தில் படியும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே கரைய ஆரம்பிக்கும். சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி விடியற்காலை ஈரப்பதம் அந்த அளவை ஒட்டியோ தாண்டியோதான் இருக்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுக்கத் தொடங்கிவிடும். ஆக, உப்பு படிந்த இரும்பு, ஒரு சொட்டு மழை பெய்யாத சித்திரையிலும் கண்ணுக்குத் தெரியாத ஈரத் துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டுதான் நிற்கிறது.

துரு என்பது இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து நடத்தும் மின்வேதி வினை. அதாவது உலோகத்தில் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு மிகச் சிறிய மின்னோட்டம் போய்க்கொண்டே இருக்கும். அப்படிப் போகும்போது உலோகம் கரையும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும் என்பதால் வினை வேகமாகிறது. உப்பிலுள்ள குளோரைடு இன்னொரு வேலையும் செய்கிறது. பல உலோகங்களின் மேல் இயற்கையாகவே ஒரு பாதுகாப்புப் படலம் இருக்கும். குளோரைடு அதைக் குத்தி ஓட்டை போடும். இதைப் பிறகு விரிவாகப் பார்க்கலாம்.

இதிலிருந்து பலர் நம்ப மறுக்கும் ஒரு விஷயம் வருகிறது. மழையில் நனையும் இடத்தைவிட, மழை படாமல் காற்று மட்டும் வந்து போகும் இடத்தில்தான் துரு மோசமாக இருக்கும். மழை என்பது இலவசக் கழுவல். படிந்த உப்பை அது அடித்துக்கொண்டு போய்விடும். சந்தேகமிருந்தால் கடல் பக்கம் பார்த்த பழைய ஜன்னல் கிரில் ஒன்றின் கம்பியைக் கையால் தடவிப் பாருங்கள். மேல்பக்கம் பெயின்ட் வெளிறி, சொரசொரப்பாக இருக்கும், அவ்வளவுதான். அடிப்பக்கம் கொப்புளம் கொப்புளமாகத் தட்டுப்படும். ஒரு கொப்புளத்தை நகத்தால் நெருடினால் பெயின்ட் தோலாக உரிந்து, உள்ளேயிருந்து செங்காவிப் பொடி கொட்டும். மேலே ஷீட் போட்டுவிட்டோம், இனி கவலையில்லை என்று நினைக்கிற மொட்டை மாடி அடுப்படியின் நிலைமையும் இதுதான்.

கடலிலிருந்து தூரம் கூடக் கூட உப்பு வேகமாகக் குறையும். முதல் சில நூறு மீட்டரிலேயே பெரும்பகுதி விழுந்துவிடும். அதனால் காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பத்திலும் பொருந்துகிற யோசனை பெரம்பூருக்கும் கொளத்தூருக்கும் அப்படியே பொருந்தாது. பெரம்பூர்க்காரர் ஒரு படி மலிவான பொருளில் தப்பித்துக்கொள்ளலாம். மணலி, எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எரிபொருள் எரியும் இடங்களிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு, ஈரத்தில் கரைந்து அமிலமாகி, உப்போடு கூட்டுச் சேர்ந்து உலோகத்தை அரிக்கும்.

சுருக்கமாக: இங்கே அலமாரி கெடுவதற்கு மழை தேவையில்லை. படியும் உப்பு தானே ஈரத்தைச் சேர்த்துக்கொள்ளும். அதைக் கழுவிவிட ஏதாவது ஒரு வழி இருக்க வேண்டும்.

மரைன் ப்ளை: எது தாங்கும், எது தாங்காது

ப்ளைவுட் என்பது மெல்லிய மரத் தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பிசினால் ஒட்டிய பலகை. அதன் பலமும் பலவீனமும் பிசினில்தான். சாதாரண எம்ஆர் ரகத்தில் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். ஈரம் தொடர்ந்து பட்டால் விட்டுவிடும். மரைன் ப்ளையில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின். இந்தியத் தர நிர்ணயத்தில் இதன் எண் ஐஎஸ் 710. இதன் சோதனையில் துண்டை 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். அடுக்குகள் பிரியக் கூடாது.

கவனியுங்கள், அந்தச் சோதனை பிசினுக்கானது. மரத்துக்கு அல்ல. பிசின் பிரியாவிட்டாலும் நடுவில் இருக்கும் மரம் மரமாகத்தான் இருக்கும். தண்ணீர் குடிக்கும், ஊறும், காயும், பூஞ்சை பிடிக்கும், வெயிலில் மேல் தாள் வெடிக்கும். தண்ணீர் குடிக்கும் வாய் பலகையின் முகத்தில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. வெட்டிய விளிம்பில் மரத்தின் நாளங்கள் குழாய் மாதிரித் திறந்து கிடக்கும். மாடியில் ப்ளை அலமாரி கெட்டுப்போன வீட்டில் குனிந்து பாருங்கள்: கதவின் நடுப்பகுதி புதிதுபோல் மின்னும், தரையை ஒட்டிய கீழ் விளிம்பு மட்டும் உப்பி, மைக்கா வாயைப் பிளந்து, உள்ளே கறுத்திருக்கும். தளம் கழுவிய தண்ணீரை அது தினமும் குடித்திருக்கிறது.

ஆகவே ப்ளைதான் என்று முடிவெடுத்தால், வெட்டிய ஒவ்வொரு விளிம்பையும், ஸ்க்ரூவுக்கும் கீலுக்கும் போட்ட துளைகளையும், பூட்டுவதற்கு முன்பே எபாக்சி அல்லது நல்ல வெளிப்புற வார்னிஷால் இரண்டு மூன்று கை அடைக்க வேண்டும். நம் ஆசாரிகளில் பலர் முகத்துக்கு மைக்கா ஒட்டிவிட்டு, அடி விளிம்பை அப்படியே விட்டுவிடுவார்கள், யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று. நீங்கள் குனிந்து பாருங்கள்.

மரைன் என்று முத்திரை குத்தியதெல்லாம் மரைன் இல்லை. ஃபீனால் பிசின் கருஞ்சிவப்பாக இருக்கும், அதனால் விளிம்பில் ஒட்டுக்கோடு கறுப்பாகத் தெரியும் என்பார்கள். உண்மைதான், சாயம் கலந்தும் அந்தக் கோட்டைக் கொண்டுவர முடியும் என்பதும் உண்மை. ஒரு கையளவு துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் ஒரு பகல் முழுக்கக் கொதிக்கவிடுங்கள். மட்டமான பலகை சாயங்காலத்துக்குள் அடுக்குப் பிரிந்துவிடும்.

எம்டிஎஃப், பார்ட்டிக்கிள் போர்டு இரண்டும் வெளிக்கு வேண்டவே வேண்டாம். மரத்தூளை ஒட்டிய பலகைகள் அவை; ஈரம் பட்டு ஒரு முறை உப்பினால் திரும்பச் சுருங்காது. எச்டிஎச்எம்ஆர் என்று இப்போது விற்பது அதே குடும்பத்தில் கொஞ்சம் அடர்த்தியான, ஈரத்தை அதிகம் தாங்கும் வகை. உள்ளே சிங்க்கின் அடிக்குப் போடலாம். மாடிக்குக் கூடாது.

தேக்கு வேறு ரகம். வைரம் பாய்ந்த தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருக்கிறது. தண்ணீரையும் கரையானையும் அது தள்ளி வைக்கும். மரத்தின் நடுப்பகுதிக்கு மட்டும்தான் அந்தக் குணம். வெளிச்சுற்றிலிருக்கும் வெளிறிய பகுதிக்கு, பெயர் தேக்காக இருந்தாலும், அந்தக் குணம் கிடையாது. மலிவு விலைத் தேக்கில் பாதி வெள்ளையாகத்தான் வரும். நல்ல தேக்கும் வெயிலில் சாம்பல் நிறமாகும். அது அழகுக் குறை, பலக் குறை இல்லை. பழைய வீடு இடித்த மரக்கடையில் கிடைக்கும் தேக்குச் சட்டங்களை நான் புதுசைவிட மேலாகச் சொல்வேன். பல வருடம் ஊறிக் காய்ந்து, கோணுவதெல்லாம் ஏற்கெனவே கோணி முடித்தவை.

டபிள்யூபிசி, பிவிசி பலகைகள்

இவற்றைச் சிலர் மல்டிவுட் என்பார்கள். பிவிசி பிளாஸ்டிக்கை நுரைபோல் பொங்கவைத்துப் பலகையாக்கியது. டபிள்யூபிசி என்றால் கூடவே கொஞ்சம் மரத்தூள். தண்ணீர் குடிக்காது, கரையான் தொடாது, உப்பு ஒன்றும் செய்யாது. இந்த மூன்று விஷயத்தில் கடைக்காரர் சொன்னது அப்பட்டமான உண்மை.

அவர் சொல்லாமல் விட்டது சூடு. பிவிசி சுமார் 80 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். கத்திரி வெயிலில் அடர் நிறக் கதவின் மேல்பரப்பு 60, 70 டிகிரி வரை போகலாம். பக்கத்தில் பெரிய பர்னர் எரிந்தால் மிச்ச தூரத்தையும் அதுவே கடந்துவிடும். பலகை முழுசாக உருகாது, ஆனால் நீளமான ஷெல்ஃப் பாத்திர எடையில் மெல்லத் தொய்யும், கதவு வளையும். விரிவும் அதிகம்: ஒரு மீட்டர் நீளப் பலகை 30 டிகிரி வித்தியாசத்தில் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் வரை நீளும். இடைவெளி விடாமல் இறுக்கமாகப் பொருத்திய கதவு மத்தியானம் திறக்க மறுப்பதற்கு இதுதான் காரணம். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு வெள்ளைப் பலகை மஞ்சளாகும், மேலே சுண்ணாம்பு மாதிரிப் பொடி எழும்.

நுரைப் பலகை என்பதால் ஸ்க்ரூ பிடிமானமும் குறைவு. கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும்: லேசாக இருந்தால் நுரை அதிகம், கீல் சீக்கிரம் பிடுங்கிக்கொள்ளும். கனமான பலகையாக, வெளிர் நிறத்தில், அடுப்பிலிருந்து தள்ளி, நேர் வெயில் படாத பக்கத்தில் போட்டால் இது நல்ல பொருள். வீடு காசிமேட்டிலிருந்து நாலு எட்டில் என்றால் ப்ளையைவிட இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

அதே கரையில் இழுத்து விட்டிருக்கும் ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துச் செய்த எஃப்ஆர்பி அது. கடலிலேயே கிடக்கிற பொருள் மாடியில் கிடக்காதா? கிடக்கும். எஃப்ஆர்பியில் கதவுகளும் வருகின்றன. நெருப்புக்கு மிக அருகில் மட்டும் வைக்காதீர்கள்.

பலகைகளைப் பொறுத்தவரை, மர வகைகள் விளிம்பு வழியாகத் தண்ணீரிடம் தோற்கும். பிளாஸ்டிக் வகைகள் தண்ணீரை ஜெயித்து, வெயிலிடமும் சூட்டிடமும் தோற்கும். இனி உலோகம்.

எஸ்எஸ் ஏன் துருப்பிடிக்கிறது

துருவே பிடிக்காது என்று வாங்கிய பால்கனிக் கைப்பிடி, ஒரே வருடத்தில் டீ சிந்தியது மாதிரிப் பழுப்புப் புள்ளி போடுவதை வட சென்னையில் பார்க்காதவர் இருக்க முடியாது. "ஏமாத்திட்டான், இது எஸ்எஸ்ஸே இல்ல" என்பார்கள். பெரும்பாலும் அது எஸ்எஸ்தான். ரகம்தான் வேறு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பது குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த இரும்பு. அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு படலமாகிறது. சில நானோமீட்டர்தான் தடிமன், கண்ணுக்குத் தெரியாது. கீறினாலும் காற்று பட்டதும் தானே மறுபடி மூடிக்கொள்ளும். இந்தப் படலம்தான் எஸ்எஸ்ஸின் முழு ரகசியம். முன்னே சொன்ன குளோரைடு இந்தப் படலத்தைத்தான் ஒரு புள்ளியில் துளைக்கிறது. துளையின் உள்ளே உப்பும் அமிலமும் தேங்கி, படலம் மூட முடியாமல் போய், பள்ளம் ஆழமாகும். இதற்குக் குழித் துரு என்று பெயர். மேலே ஊசிமுனை அளவுதான் தெரியும், உள்ளே பெரிதாகத் தோண்டியிருக்கும்.

சந்தையில் மூன்று எண்கள் காதில் விழும். 304 என்பதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316 என்பதில் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் சேரும். குளோரைடு துளைப்பதை எதிர்த்து நிற்பது அதுதான். 202 என்பதில் விலை அதிகமான நிக்கலைக் குறைத்து, பதிலுக்கு மாங்கனீசு போட்டிருப்பார்கள். வீட்டுக்குள் 202 பரவாயில்லை. கடலோரத்தில் அந்தப் பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் இந்த 202இன் வேலை.

இங்கேதான் ஊரே நம்பும் ஒரு தவறான சோதனை இருக்கிறது. "காந்தம் வெச்சுப் பாருண்ணா, ஒட்டல இல்ல? அப்ப 304தான்." காந்தம் 304இல் ஒட்டாது, சரி. 202இலும்தான் ஒட்டாது! காந்தம் சாதாரண இரும்பையும், 430 போன்ற நிக்கல் இல்லாத எஸ்எஸ் ரகங்களையும் மட்டும்தான் பிரித்துக் காட்டும். அடித்து வளைத்த இடத்தில் நல்ல 304கூடக் கொஞ்சம் காந்தத்தை இழுக்கும் என்பதால், சரியான சரக்கைத் திருப்பி அனுப்பிவிடவும் வாய்ப்பு உண்டு. 202ஐ 304இலிருந்து பிரிக்க ஒரு சொட்டு மருந்தும் சிறிய பேட்டரியும் வைத்துச் சோதிக்கும் கிட் இருக்கிறது. மாங்கனீசு அதிகமிருந்தால் சொட்டு சிவப்பாகும். அதைவிட முக்கியம், ரகத்தின் எண்ணை பில்லில் எழுதி வாங்குவது. எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.

ரகம் சரியாக இருந்தும் பட்டறையில் கெடுத்துவிட முடியும். ஒரே ஷெட்டில் இரும்பு கேட்டையும் எஸ்எஸ் கதவையும் அறுக்கிறார்கள், ஒரே கிரைண்டிங் வீலால் இரண்டையும் தேய்க்கிறார்கள். அப்போது இரும்புத் துகள் எஸ்எஸ்ஸின் மேல் பதிந்து, முதல் பனியிலேயே அது துருவேறும். பழியை எஸ்எஸ் சுமக்கும். வெல்டிங் வைத்த இடத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு வளையம் வருமே, அங்கே பாதுகாப்புப் படலம் கெட்டுப்போயிருக்கிறது. பிக்லிங் பேஸ்ட் என்ற அமிலப் பசை போட்டுக் கழுவி, பழைய வெள்ளி நிறம் வந்த பிறகே டெலிவரி எடுங்கள். பளபளப்பான பரப்பில் உப்பு ஒட்டுவது குறைவு. கோடு போட்ட பரப்புதான் பிடிக்கும் என்றால் கோடுகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், படுக்கைக் கோட்டில் உப்பு உட்கார்ந்துகொள்ளும்.

கடலைப் பார்த்த மாடிக்கு 316 தகும். உள்ளே தள்ளியிருக்கும் வீடுகளுக்கு 304ஐ ஒழுங்காகக் கழுவி வந்தால் போதும். முழு அலமாரியையும் 316இல் செய்ய வேண்டியதில்லை. எதை அதில் செய்யலாம் என்று சொல்கிறேன்.

அலுமினியமும் ஜிஐயும்

அலுமினியத்துக்கும் தன் படலம் உண்டு. செந்துரு வராது, உப்பில் வெள்ளைப் பொடியும் சின்னப் பள்ளங்களும் வரும். அனோடைஸ் செய்ததோ (மின்சாரம் பாய்ச்சி அந்தப் படலத்தைத் தடிமனாக்கியது), நல்ல பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு) போட்டதோ கடலோரத்திலும் கண்ணியமாக நிற்கும். எடை குறைவு, விலை நடுத்தரம். கதவுச் சட்டத்துக்கு நல்ல தேர்வு.

ஜிஐ என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும்; தீர்ந்துபோனதும் காவல் முடிந்தது, உப்புக்காற்றில் சீக்கிரமே தீரும். வெறும் இரும்பில் பவுடர் கோட்டிங் அடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு கீறல் போதும், பூச்சுக்கு அடியில் துரு ஊர்ந்து போய்க்கொண்டே இருக்கும்.

முதலில் சாவது ஸ்க்ரூ

பலகையைப் பற்றி ஒரு மாதம் யோசிப்பவர்கள் கீலைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. அலமாரி சாகும்போது முதலில் போவது கீல், அடுத்தது ஸ்க்ரூ, அப்புறம் டிராயர் ஓடும் தண்டவாளமான சேனல். சாதாரண கீல்கள் நிக்கல் முலாம் பூசிய இரும்பு. முலாம் போனால் ஒன்றுமில்லை. பால் பேரிங் வைத்த சேனலில் உப்பு புகுந்தால் நறநறவென்று சிக்கும். வெளியில் டிராயரே வைக்காமல் தவிர்க்கலாம். தானே மெல்ல மூடும் கீல்களின் உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. வெளித்தகடு எஸ்எஸ்ஸாக இருந்தாலும் ஸ்பிரிங்கும் எஸ்எஸ்தானா என்று கேளுங்கள். பழைய பாணித் தட்டைக் கீல், 316 அல்லது 304இல், பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் தேடினால் கிடைக்கும். 316க்குச் செலவு செய்வதென்றால் இந்தச் சின்னச் சாமான்களுக்குத்தான் முதலில் செய்ய வேண்டும்.

இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு ஈரம் இருந்தால் அது ஒரு பேட்டரி. இரண்டில் எளிதாகக் கரையும் உலோகம் கரைந்துபோகும், மற்றது பிழைக்கும். பெரிய எஸ்எஸ் தகட்டில் சின்ன ஜிஐ ஸ்க்ரூ போட்டால், தகட்டின் முழு பலமும் சேர்ந்து அந்த ஸ்க்ரூவைத் தின்னும். தலைகீழாக, பெரிய அலுமினியச் சட்டத்தில் சின்ன எஸ்எஸ் ஸ்க்ரூ போட்டால் பாதிப்பு குறைவு, ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் அலுமினியம் பொடியாகும். நடுவில் நைலான் வாஷர் போட்டால் அதுவும் குறையும்.

சிலிகான் பசையிலும் இரண்டு வகை. பூசும்போது வினிகர் நெடி அடித்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை. உலோகத்துக்கும் சிமென்ட்டுக்கும் ஆகாது. நியூட்ரல் என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.

உடம்பைச் செங்கல்லில் கட்டிவிடலாமே

இவ்வளவும் சொன்ன பிறகு என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அலமாரியின் உடம்பை எந்தப் பலகையிலும் செய்ய வேண்டாம். நம் பழைய வீட்டு அடுப்படிகளில் இருப்பது மாதிரி செங்கல் தடுப்புச் சுவர், நடுவில் கடப்பாக் கல் தட்டு, மேலே கிரானைட். வெயிலும் மழையும் கரையானும் சேர்ந்து வந்தாலும் அசையாது. கடப்பா ஒரு சுண்ணாம்புக்கல். எலுமிச்சை, புளி, வினிகர் பட்டால் வெளிறிவிடும் என்பதால் மேல்மேடைக்கு மட்டும் கிரானைட். உள் தட்டுக்குக் கடப்பா தாராளமாகப் போதும்.

மாடியில் கனம் ஏற்றுகிறோம் என்பதால் சுவர் அல்லது உத்தரத்துக்கு மேலே வருகிற மாதிரி வையுங்கள். பழைய கட்டடமாக இருந்தால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். கம்பி வைத்த கான்கிரீட் ஸ்லாப் போடுவதாக இருந்தால், கம்பிக்கு மேல் போதுமான கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால், துரு இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடித்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். நம் பகுதிப் பழைய குடியிருப்புகளில் சன்ஷேடு பெயர்ந்து கம்பி தெரிவது இதனால்தான்.

உடம்பு கல்லானால் கெடக்கூடியது கதவும் கீலும் மட்டுமே. கதவுக்குப் பவுடர் கோட்டிங் அலுமினியச் சட்டம், நடுவில் அலுமினிய லூவரோ (காற்று போக இடைவெளி விட்ட சாய்வுப் பட்டைகள்) கனமான பிவிசி பலகையோ. கீலும் தாழ்ப்பாளும் 316. பத்து வருடம் கழித்துக் கதவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தாழ்ப்பாள் உறுதியாக இருக்கட்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது மாடியில் இறுகக் கட்டாததெல்லாம் அடுத்த தெருவில் கிடந்தது. பின்கட்டில், தரைத் தளத்தில் கட்டுபவர்கள் 2023 மிக்ஜாம் வெள்ளம் தங்கள் சுவரில் விட்டுப்போன கோட்டைப் பார்த்து, கீழ்த் தட்டின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

கழுவுவதும் காற்று விடுவதும்

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்தால் போதும். குழாயில் உப்பு நீர்தான் வருகிறது என்றால் கடைசியில் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றித் துடையுங்கள். இரும்பு நார் போட்டு எஸ்எஸ்ஸைத் தேய்க்கக் கூடாது. டைல்ஸ் கழுவும் ஆசிட்டை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்டாலே படலம் கெடும். மீன் கழுவிய தண்ணீர், ஊறவைத்த உப்பு மசாலா இரண்டும் கடற்காற்றைவிட அடர்த்தியான உப்பு. அவற்றை அன்றைக்கே கழுவிவிட வேண்டும்.

மேடைக்கு லேசான சரிவு, கீழ்த் தட்டுக்குத் தண்ணீர் வெளியேற ஒரு துளை, கதவுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. கதவைக் காற்றுப் புகாமல் அடைப்பது பாதுகாப்பு என்று தோன்றும். உள்ளே வந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். சிலிண்டர் வைக்கிற அறைக்கு இது இன்னும் கண்டிப்பு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் அந்தக் கதவின் அடியில், தரையை ஒட்டி, காற்றுத் துளை இருந்தே ஆக வேண்டும். மேலே மட்டும் ஜாலி வைத்துவிட்டுக் கீழே பூசி மூடுகிற மேஸ்திரியைப் பக்கத்தில் நின்று தடுத்துவிடுங்கள்.